போயிட்டு திங்கக்கிழமை வாங்க

சம்மன் என்றால் என்னவென்று எங்கள் அரியலூர் ஜில்லா ஆலத்தியூர்ப் பக்கத்தில் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. வரப்புத் தகராறுக்கு வரும், வாரிசுச் சான்றிதழ் விசாரணைக்கு வரும், பட்டா மாறுதலில் பக்கத்துக் காட்டுக்காரர் ஆட்சேபணை கொடுத்தால் வரும். பல நேரம் காகிதம்கூட வராது. தலையாரி வண்டியை வாசலில் நிறுத்தி, "நாளைக்குப் பத்து மணிக்குத் தாலுகா ஆபீஸ்ல இருக்கணுமாம்" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டுப் போவார். ஆள் ஒன்பதரைக்கே செந்துறையில் நிற்பார். கூப்பிட்ட அதிகாரி மூன்று மணிக்கு ஜீப்பில் வந்து இறங்கி, "இன்னைக்கு மீட்டிங், போயிட்டு திங்கக்கிழமை வாங்க" என்றாலும், அக்குளில் இடுக்கியிருந்த துண்டைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு பேசாமல் பஸ் ஏறுவார். சம்மனுக்குப் போகாவிட்டால் என்ன ஆகும் என்று இந்த வட்டாரத்தில் எவரும் சோதித்துப் பார்த்ததில்லை.

2023 நவம்பரில் அரியலூர் கலெக்டருக்கே ஒரு சம்மன் வந்தது. வேலூர், திருச்சி, கரூர், தஞ்சாவூர் கலெக்டர்களுக்கும் சேர்த்து மொத்தம் ஐந்து. அனுப்பியது அமலாக்கத் துறை. விஷயம், ஆற்று மணல். இவர்கள் குற்றவாளிகள் என்று யாரும் சொல்லவில்லை. உங்கள் மாவட்டத்தில் எத்தனை குவாரிக்கு அனுமதி, எவ்வளவு அள்ளப்பட்டது, அந்தக் கணக்கைக் கொண்டுவந்து காட்டுங்கள் என்று கேட்டார்கள், அவ்வளவுதான். ஆலத்தியூர் விவசாயியாக இருந்தால் பழைய பட்டா, கிஸ்தி ரசீது, தாத்தாவின் இறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு விடியற்காலை பஸ்ஸைப் பிடித்திருப்பார். தமிழக அரசோ ஹைகோர்ட்டுக்குப் போனது. நவம்பர் 28 அன்று தடையும் வாங்கியது.

2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நிறுத்திவைத்து, போய் ஆஜராகுங்கள் என்றது. கலெக்டரைக் கூப்பிட்டால் மாநில அரசுக்கு என்ன நஷ்டம், நீங்கள் ஏன் வழக்குப் போடுகிறீர்கள் என்று நீதிபதிகள் வியந்தார்கள். அதற்குப் பிறகும் கலெக்டர்கள் போகவில்லை. தேர்தல் வேலையாம். ஏப்ரல் 2 அன்று நீதிபதிகள் கடிந்துகொண்டு தேதியும் குறித்துக் கொடுத்த பிறகு, ஏப்ரல் 19 வாக்குப்பதிவும் முடிந்த பிறகு, 2024 ஏப்ரல் 25 அன்று சென்னையில் போய் ஆஜரானார்கள். ஐந்து மாதம்! நாட்டின் உச்ச நீதிமன்றத்தையே போயிட்டு திங்கக்கிழமை வரச்சொல்லும் துணிச்சல் எங்கள் ஜில்லா நிர்வாகத்துக்கு உண்டு என்பதில் உள்ளூர்க்காரன் என்ற முறையில் கொஞ்சம் பெருமைகூட வந்தது.

அந்த ஐந்து மாதமும் வக்கீல் ஃபீஸ் யார் கொடுத்தது என்று கேட்காதீர்கள். நாம்தான். ஆலத்தியூர் மண்ணிலிருந்து போகும் ஒவ்வொரு டன் சுண்ணாம்புக்கல்லுக்கும் 80 ரூபாய் ராயல்டி அரசுக்குப் போகிறது. 1997-ல் இங்கே சிமெண்ட் ஆலை வந்ததிலிருந்து கல் நிற்கவில்லை, லாரி நிற்கவில்லை, புழுதி நிற்கவில்லை. டன் கணக்கில் ஒரு கிலோ பிசகாமல் எடைபோட்டு வாங்கிய காசில் ஒரு பங்கு, எடையே போடாமல் போன ஆற்று மணலைப் பற்றிப் பதில் சொல்லாமலிருக்கச் செலவானது. அமலாக்கத் துறை கோர்ட்டில் சொன்ன கணக்குப்படி, அள்ளப்பட்ட மணலின் மதிப்பு 4,730 கோடி ரூபாய். அரசுக் கணக்கில் ஏறிய வருவாய் 36.45 கோடி. இது ஒரு தரப்பின் கணக்கு, அரசு இதை ஒப்புக்கொள்ளவில்லை. சரி, பாதி பொய் என்றே வைத்துக்கொள்வோம். மீதிப் பாதிக்காவது கலெக்டர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வேண்டாமா? 2003-லிருந்து ஆற்று மணல் குவாரியை நடத்துவது தனியார்கூட இல்லை, அரசேதான். தன் கடைக் கணக்கைக் கேட்டால் கல்லாவைப் பூட்டிக்கொண்டு கோர்ட்டுக்கு ஓடுகிற முதலாளியைப் பார்த்திருக்கிறீர்களா?

இதில் ஒரு வேடிக்கை. பொறுப்பேற்பது, பதில் சொல்வது என்ற விஷயங்களில் அரியலூருக்குத் தேசம் முழுக்க ஒரு பழைய பெயர் உண்டு. 1956 நவம்பர் 23 விடியற்காலையில், வெள்ளத்தில் பலமிழந்த மருதையாற்றுப் பாலத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தது. நூற்று நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். டெல்லியில் இருந்த ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி ராஜினாமா செய்தார். பாலத்தை அவர் கட்டவில்லை, ரயிலை அவர் ஓட்டவில்லை, ஆற்றில் தண்ணீரை அவர் திறந்துவிடவில்லை. யாரும் சம்மன் அனுப்பவுமில்லை. போய்விட்டார். இன்றைக்கும் அரசியல் சாசனப் பாடத்தில் அமைச்சர் பொறுப்பு என்ற அத்தியாயம் வந்தால் வாத்தியார்கள் அரியலூர் பெயரைச் சொல்லித்தான் ஆரம்பிப்பார்கள். அந்த அத்தியாயத்தை அப்போதே எங்கள் ஊர் எழுதி முடித்துவிட்டதால், மேற்கொண்டு எழுத ஒன்றுமில்லை என்று வந்த அதிகாரிகள் நினைத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது.

அதிகாரிகளுக்குச் சுதந்திரம் வேண்டாமா என்று கேட்பீர்கள். கண்டிப்பாக வேண்டும். அதற்காக 1949 அக்டோபர் 10 அன்று அரசியல் நிர்ணய சபையில் வல்லபபாய் படேல் கிட்டத்தட்ட சண்டையே போட்டார். என் கருத்துக்கு எதிராகக் குறிப்பு எழுதுகிற செயலாளர்தான் எனக்கு வேண்டும், அஞ்சி நடுங்குகிறவன் வேண்டாம் என்பது அவர் வாதத்தின் சாரம். அதே எண்ணத்தில்தான் அரசியல் சாசனத்தில் 311-ஆவது பிரிவு நிற்கிறது. காரணம் கேட்காமல், விசாரிக்காமல் ஓர் அரசு ஊழியரை வீட்டுக்கு அனுப்ப முடியாது. மந்திரியின் முகத்துக்கு நேரே "முடியாது" என்று சொல்வதற்காகப் படேல் வாங்கிக்கொடுத்த கவசம் அது. எழுபத்தைந்து வருஷமாக அந்தக் கவசத்தை மாட்டிக்கொண்டு, அந்த "முடியாது"வை யாரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்? கைம்பெண் உதவித்தொகைக்கு மனு எழுதிக்கொண்டு வரும் ஒரு கிழவியிடம். மந்திரியின் உதவியாளர் போன் பண்ணினால் எழுந்து நின்று பேசுகிற அதே ஆள் அவர். சுதந்திரம் எல்லாம் கீழ்நோக்கி, பணிவு எல்லாம் மேல்நோக்கி. படேல் வரைந்த படத்தைத் தலைகீழாக மாட்டியிருக்கிறார்கள். மாட்டியது தெரியாமல் அதற்கு ஆண்டுதோறும் மாலையும் போடுகிறார்கள்.

வாய்மொழி உத்தரவில் வேலை செய்யாதீர்கள், மேலிடத்தில் சொன்னதை எழுத்தில் பதிவுசெய்யுங்கள், நினைத்தபோதெல்லாம் அதிகாரியைத் தூக்கியடிக்காமல் குறைந்தபட்சப் பதவிக்காலம் வையுங்கள் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 2013 அக்டோபர் 31 அன்று. படேலின் பிறந்தநாள்தான். டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன் வழக்கு. மனுப்போட்ட எண்பத்து மூன்று பேரும் யார்? ஓய்வுபெற்ற அதிகாரிகள். பென்ஷன் ஆர்டர் கைக்கு வந்த பிறகுதான் முதுகெலும்பு முளைக்கும் என்பது இந்திய நிர்வாகத்தின் உடற்கூறு. தீர்ப்பு வந்து எத்தனையோ வருஷமாயிற்று. போனில் வந்த உத்தரவை நோட் ஃபைலில் எழுதிவைத்த கலெக்டர் யாராவது தமிழ்நாட்டில் இருந்தால் அவருக்கு ஒரு பொன்னாடை போர்த்தலாம். கோ-ஆப்டெக்ஸ் தள்ளுபடியில் வாங்கித் தருகிறேன்.

கவசத்தைச் சரியான பக்கம் மாட்டியவர்களுக்கு என்ன நடந்தது என்று பார்த்துத்தானே மற்றவர்கள் திருப்பி மாட்டிக்கொள்கிறார்கள்! உ. சகாயத்தை 2014-ல் ஹைகோர்ட் மதுரை கிரானைட் முறைகேட்டை விசாரிக்க நியமித்தது. தமிழக அரசு அந்த நியமனத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றம்வரை போய்த் தோற்றது. (அன்றைக்கு ஆண்டது அ.தி.மு.க., கலெக்டர் சம்மனுக்கு ஓடியது தி.மு.க. கொடி மாறினாலும் கோர்ட்டுக்கு ஓடும் பாதை ஒன்றுதான்.) 2015 செப்டம்பரில் சின்னமலம்பட்டி சுடுகாட்டில், கிரானைட் குவாரி நரபலிப் புகாருக்காகத் தோண்ட வேண்டிய இடத்தை விட்டுப் போனால் ராத்திரியோடு தடயம் காணாமல் போகும் என்று அந்த ஐ.ஏ.எஸ். அதிகாரி சுடுகாட்டிலேயே படுத்து ராத்திரியைக் கழித்தார். ஓர் அரசு அதிகாரி தன் அரசை நம்பாமல் பிணங்களோடு காவலிருந்த ராத்திரி அது. நஷ்டம் ஒரு லட்சம் கோடிக்கு மேல் என்று அறிக்கை கொடுத்தார். அவருக்கு அரசு வைத்திருந்த நாற்காலி, அறிவியல் நகரத்தின் துணைத் தலைவர் பதவி. மலையைக் காணோம் என்று கண்டுபிடித்தவரை அறிவியலுக்கு அனுப்பியது ஒருவகையில் பொருத்தம்தான். அங்கேயே உட்கார்ந்து உட்கார்ந்து பார்த்துவிட்டு 2021-ல் விருப்ப ஓய்வில் வெளியேறினார்.

சரி, கீழே வருவோம். எங்களுக்குத் தெரிந்த சுதந்திரம் கீழேதான் இருக்கிறது.

திங்கட்கிழமை என்றால் கலெக்டர் ஆபீஸில் குறைதீர்க்கும் நாள். எந்தக் கலெக்டர் ஆபீஸ் என்பதே எங்களுக்குக் கொஞ்ச காலம் கேள்வியாக இருந்தது. 1995 வரை திருச்சி ஜில்லா. பிறகு பெரம்பலூர். 2001 ஜனவரி 1 முதல் அரியலூர். 2002 மார்ச் 31 அன்று ஆட்சி மாறிய கையோடு அந்த மாவட்டத்தையே ரத்துசெய்து மறுபடி பெரம்பலூர். 2007 நவம்பர் 23 முதல் மறுபடி அரியலூர். (அதே நவம்பர் 23, மருதையாறு மறக்கவில்லை.) ஆலத்தியூரில் வீட்டை விட்டு நகராமல் உட்கார்ந்திருந்த ஒருவர் பன்னிரண்டு வருஷத்தில் நான்கு முறை ஜில்லா மாறியிருக்கிறார். ஒரு கையெழுத்தில் ஒரு மாவட்டத்தையே பிறக்க வைக்கவும், கொல்லவும், உயிர்ப்பிக்கவும் முடிந்த இதே நிர்வாகத்தில்தான், அண்ணன் தம்பி இரண்டு பேருக்கு ஒரு சர்வே நம்பரில் உட்பிரிவு செய்ய வருஷக்கணக்கில் ஆகிறது. சர்வேயர் லீவு. சர்வேயர் வந்தால் செயின் இல்லை. செயின் வந்தால் எஃப்.எம்.பி. என்கிற புலப்படம் கிழிந்திருக்கிறது. படம் ஒட்டப்பட்டால் தம்பி செத்துப்போய் வாரிசுச் சான்றிதழ் கேட்கிறார்கள்.

குறைதீர்க்கும் கூட்டத்தை உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். வாசலில் போலீஸ் முதலில் பையைத் திறந்து பார்க்கும். மண்ணெண்ணெய் பாட்டில் இருக்கிறதா என்று. தமிழ்நாட்டில் கலெக்டர் ஆபீஸ் வாசல் சோதனை எதற்காக வந்தது என்பது நினைவிருக்கும்: 2017 அக்டோபரில் திருநெல்வேலி கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில், கந்துவட்டிக் கொடுமைக்குப் பலமுறை மனுக் கொடுத்தும் பலனில்லாமல் ஒரு குடும்பம் இரண்டு குழந்தைகளோடு எரிந்து செத்தது. அதிலிருந்து நிர்வாகம் கற்றுக்கொண்டது, மனுவைப் படிக்க வேண்டும் என்றல்ல, பாட்டிலைப் பிடுங்க வேண்டும் என்று. சோதனை முடிந்தால் வரிசை, டோக்கன், கம்ப்யூட்டரில் ஒரு எண். பிறகு கலெக்டர் கையில் மனு. அவர் மேலோட்டமாக ஒரு பார்வை பார்த்து, பச்சை மையில் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் இருக்கும் அதிகாரிக்குத் தள்ளுவார். அந்த அதிகாரி ஆர்.டி.ஓ.வுக்கு, ஆர்.டி.ஓ. தாசில்தாருக்கு, தாசில்தார் ஆர்.ஐ.க்கு, ஆர்.ஐ. வி.ஏ.ஓ.வுக்கு. இரண்டு மாதம் ஜில்லாவெல்லாம் சுற்றி, எந்த வி.ஏ.ஓ.வைப் பற்றிப் புகாரோ அந்த வி.ஏ.ஓ.வின் மேஜையிலேயே மனு வந்து இறங்கும், "தக்க நடவடிக்கைக்காக". அவர் ஆளைக் கூப்பிட்டு, "ஏம்ப்பா, எம்மேலயே மனுவா?" என்று சிரிப்பார். பிறகு, "மனுதாரருக்கு உரிய விளக்கம் அளிக்கப்பட்டது" என்று எழுதி முடிப்பார். ஆன்லைனில் போய்ப் பார்த்தால் பச்சை நிறத்தில் இருக்கும்: மனு தீர்வு செய்யப்பட்டது.

ஆட்சிக்கு ஆட்சி இந்த மனுவுக்குப் பெயர் மட்டும் மாறும். அம்மா அழைப்பு மையம், உங்கள் தொகுதியில் ஸ்டாலின், முதல்வரின் முகவரி, மக்களுடன் முதல்வர், உங்களுடன் ஸ்டாலின். இந்தக் கடைசித் திட்டத்தில் கொடுத்த மனுக்கள் 2025 ஆகஸ்டில் திருப்புவனத்தில் வைகை ஆற்றில் மிதந்தன. வைகையில் தண்ணீர் வருவதே அபூர்வம். வந்த தண்ணீரையும் மனுவைக் கரைக்கப் பயன்படுத்திய சாமர்த்தியத்தை என்னவென்று சொல்ல! இத்தனை நாளுக்குள் சேவை தராவிட்டால் அதிகாரிக்கு அபராதம் என்ற சேவை உரிமைச் சட்டத்தை மத்தியப் பிரதேசம் 2010-ல் போட்டது, பீகார் 2011-ல் போட்டது. எதற்கெடுத்தாலும் பீகாரோடு ஒப்பிட்டுத் தோள் தட்டிக்கொள்ளும் நாம், 2021-ல் ஆளவந்த கட்சியின் தேர்தல் அறிக்கையில் அதைப் படித்ததோடு சரி.

அடுத்தது, சுரங்கத்துக்கான கருத்துக் கேட்புக் கூட்டம். எந்தச் சுரங்கம் என்று பெயர் வேண்டாம். எங்கள் வட்டாரத்தில் எல்லாம் ஒரே அச்சுதான். ஷாமியானா, பிளாஸ்டிக் நாற்காலி, மேடையில் மாவட்ட நிர்வாகம், பக்கத்தில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், ஓரமாக வேனில் வந்து இறங்கிய கைதட்டும் கூட்டம். நூற்றுக்கணக்கான பக்க அறிக்கை ஆங்கிலத்தில், தமிழில் சுருக்கம். "வெடி வைக்கிறப்ப சுவர் விரியுது சார், கிணத்துல தண்ணி எறங்கிடுச்சு, புள்ளைங்க பள்ளிக்கூடம் போற ரோட்டுல டிப்பர் லாரி பறக்குது" என்று ஒரு பெண் மைக்கைப் பிடித்துச் சொல்லும்போது மேடையில் ஒருவர் வாட்சைப் பார்ப்பார். கூட்டக் குறிப்பில் அது, "சிலர் வேலைவாய்ப்புக் கோரினர், நிறுவனம் பரிசீலிப்பதாக உறுதியளித்தது" என்று உருமாறும். சட்டத்தையும் குறை சொல்ல முடியாது, அது ஒளிவுமறைவில்லாமல் பேசுகிறது. 2006-ஆம் வருஷத்துச் சுற்றுச்சூழல் அறிவிக்கையில் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்கள்: இந்தக் கூட்டம் நடக்கக் கோரம், அதாவது குறைந்தபட்ச வருகை, தேவையில்லை. தெருவிளக்குக்குத் தீர்மானம் போடும் கிராம சபைக்குக் கோரம் வேண்டும். ஊரையே தோண்டிப்போடும் சுரங்கத்துக்குக் கருத்துக் கேட்கக் காலி நாற்காலி போதும். கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னால் இங்கே கடல் இருந்தது, அது போட்டுவிட்டுப் போன கிளிஞ்சலும் ஓடும்தான் இந்தச் சுண்ணாம்புக்கல் என்கிறார்கள். நல்லவேளை, கடல் அப்போதே போய்விட்டது. இன்றைக்கு இருந்தால் அதற்கும் ஒரு கருத்துக் கேட்பு நடத்தி, ஆட்சேபணை இல்லை என்று எழுதி வாங்கியிருப்பார்கள்.

சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட ஊருக்கென்றே 2015-ல் மாவட்டக் கனிம அறக்கட்டளை என்று ஒரு நிதி வந்தது. பழைய குத்தகைகளுக்கு ராயல்டியில் முப்பது சதவீதம். எங்கள் சுண்ணாம்புக்கல்லுக்கு டன்னுக்கு 24 ரூபாய். இதற்கும் தலைவர் கலெக்டரேதான். அனுமதியில் அவர், கண்காணிப்பில் அவர், கருத்துக் கேட்பில் அவர், இழப்பீட்டு நிதியில் அவர், குறைதீர்ப்பில் அவர். எல்லா நாற்காலியிலும் ஒருவரே உட்கார்ந்திருக்கும்போது, தடுக்க வேண்டியவரும் தடுக்கப்பட வேண்டியவரும் தினம் காலையில் சவரக் கண்ணாடியில்தான் சந்தித்துக்கொள்ள வேண்டும்.

கலெக்டரைக் கேட்க வந்த அமலாக்கத் துறையாவது யோக்கியமா என்றால், அங்கே இன்னும் வேடிக்கை. அதன் இயக்குநருக்குத் தொடர்ந்து கொடுத்த பதவி நீட்டிப்பு சட்டவிரோதம் என்று 2023 ஜூலை 11 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. நாட்டுக்கு அவரைவிட்டால் ஆளில்லை என்று மத்திய அரசு கெஞ்சி செப்டம்பர் 15 வரை வாங்கியது. அவர் நாற்காலியை விட்டு இறங்க மூன்று நாள் இருக்கும்போதுதான் தமிழ்நாட்டு மணல் குவாரிகளில் சோதனை தொடங்கியது. எதிர்க்கட்சி ஆளும் மாநிலத்து மணல் மட்டும்தான் டெல்லிக் கண்ணில் விழுந்து உறுத்தும் என்பதும் ஊரறிந்த கதை. பிறகு, கலெக்டர்களுக்குத் தடை கிடைத்து மூன்றே நாளில், டிசம்பர் 1 அன்று, ஓர் அரசு மருத்துவரிடம் 20 லட்சம் லஞ்சம் வாங்கினார் என்று அமலாக்கத் துறை அதிகாரி ஒருவரைத் திண்டுக்கல்லில் மாநில விஜிலென்ஸ் கைதுசெய்தது. அன்று ராத்திரியே மதுரை அமலாக்கத் துறை அலுவலகத்துக்குள் நுழைந்து விஜிலென்ஸ் சோதனை போட்டது. சோதனை போட வேண்டிய ஆபீஸிலேயே சோதனை! சம்பந்தமில்லாத ஃபைல்களைப் பார்த்துவிட்டார்கள் என்று அமலாக்கத் துறை தமிழ்நாட்டு டி.ஜி.பி.யிடம் போய்ப் புகார் கொடுத்தது. புகாரை வாங்கிய போலீஸ், மேலே பார்த்தபடி, போயிட்டு திங்கக்கிழமை வரச் சொல்லியிருக்கும். அந்த விஜிலென்ஸைப் பற்றி நாம் கேட்கலாமா என்றால் கேட்க முடியாது. 2008-லேயே தமிழக அரசு அதைத் தகவல் உரிமைச் சட்டத்திலிருந்து விலக்கிவைத்துவிட்டது. கடைசியில் 2024 ஜூலையில், வழக்குக்கு அடிப்படையாக இருக்க வேண்டிய அட்டவணைக் குற்றம் இல்லை என்று சொல்லி, மணல் ஒப்பந்ததாரர்கள் மீதான அமலாக்கத் துறை நடவடிக்கையை ஹைகோர்ட் ரத்துசெய்தது. கொள்ளிடத்திலிருந்து போன மணல் போனதுதான்.

ஊழல் வழக்கு என்று வந்தால் இருக்கும் பாதுகாப்பைச் சொல்லாமல் விட்டால் பாவம் வரும். பெரிய அதிகாரிகளை விசாரிக்க முன் அனுமதி வேண்டும் என்ற உத்தரவை 1997-ல் உச்ச நீதிமன்றம் அடித்துப்போட்டது. 2003-ல் நாடாளுமன்றம் அதையே சட்டமாக்கி உயிர்கொடுத்தது. 2014-ல் அரசியல் சாசன அமர்வு மறுபடி கொன்றது. 2018-ல் ஊழல் தடுப்புச் சட்டத்தில் 17ஏ என்ற பெயரில் மறுபடி எழுந்துவந்தது. முன்பு இணைச் செயலாளருக்கும் அவருக்கு மேலே உள்ளவர்களுக்கும் மட்டும். இப்போது அரசு முடிவெடுக்கும் எல்லோருக்கும். எங்கள் அரியலூர் மாவட்டம்கூட இரண்டு தடவைதான் பிறந்தது. அந்த 17ஏ-யில் ஒரு நுட்பம் இருக்கிறது, கவனியுங்கள். கையும் களவுமாகப் பிடிபட்டவனுக்கு முன் அனுமதி தேவையில்லை. ஆக, பட்டாவுக்கு இரண்டாயிரம் வாங்கி, ரசாயனம் தடவிய நோட்டில் விரல் சிவந்து பேப்பரில் படம் வருகிற வி.ஏ.ஓ.வுக்குப் பாதுகாப்பு இல்லை. ஃபைலில் ஒரு வரி எழுதி மலையை, ஆற்றை, காட்டைத் தூக்கிக்கொடுத்தவருக்குப் பாதுகாப்பு உண்டு. அவர் நோட்டைத் தொடுவதே இல்லையே!

இதே வி.ஏ.ஓ. வரிசையில் ஒருவர் பெயரைச் சொல்ல வேண்டும். லூர்து பிரான்சிஸ். தூத்துக்குடி மாவட்டம் முறப்பநாடு. தாமிரபரணி மணலைக் கடத்துகிறார்கள் என்று போலீசில் புகார் எழுதிக் கொடுத்தார். கலெக்டர் கொடுக்க வேண்டிய, கமிஷன் எழுத வேண்டிய, மந்திரி கேட்க வேண்டிய புகாரைக் கிராம நிர்வாக அலுவலர் ஒருவர் தன் கையெழுத்தில் கொடுத்தார். தன் அலுவலகத்திலேயே, வேலை நேரத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். தேதி, 2023 ஏப்ரல் 25. சரியாக ஒரு வருஷம் கழித்து அதே ஏப்ரல் 25-ல்தான், மணல் கணக்கு சொல்ல ஐந்து மாதம் தயங்கிய கலெக்டர்கள் சென்னையில் காரைவிட்டு இறங்கினார்கள். கொலைகாரர்கள் இருவருக்கும் ஐந்து மாதத்துக்குள் ஆயுள் தண்டனை கிடைத்தது, குடும்பத்துக்கு அரசு ஒரு கோடி கொடுத்தது. இரண்டும் உண்மை, குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மனுஷன் உயிரோடு இருந்தபோது அவருக்குப் பின்னால் நிற்க ஒரு கான்ஸ்டபிள் கிடைக்கவில்லை. கலெக்டர்களுக்குப் பின்னால் நிற்க ஒரு மாநில அரசே கிடைத்தது. படேல் பேசிய சுதந்திர அதிகாரி அந்தச் சின்ன அறையில்தான் உட்கார்ந்திருந்தார். கவசத்தை வேறு யாரோ மாட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

குடிமகன் கையில் மிச்சமிருப்பது தகவல் உரிமைச் சட்டம். இந்தியாவிலேயே முதலில் அப்படியொரு சட்டம் போட்ட மாநிலம் தமிழ்நாடு, 1997-ல். ஆலத்தியூரில் ஆலை வந்த அதே வருஷம். விதிவிலக்குகள் அதில் இருபதைத் தாண்டின, ஆகவே சட்டம் யாருக்கும் தொந்தரவு தரவில்லை. 2005-ல் மத்தியச் சட்டம் வந்த பிறகுதான் பல்லே முளைத்தது. 2019-ல் தகவல் ஆணையர்களின் பதவிக்காலத்தையும் சம்பளத்தையும் மத்திய அரசு தன் கைக்குள் எடுத்துக்கொண்டு அந்தப் பல்லை அரத்தால் ராவியது. மிச்சமிருக்கும் பல் என்னவென்றால், முப்பது நாளில் தகவல் தராத அதிகாரிக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் அபராதம், அதிகபட்சம் 25,000. வகுத்துப் பாருங்கள், சரியாக நூறு நாள். அதிகாரிகளுக்கும் அரசு ஒரு நூறு நாள் திட்டம் வைத்திருக்கிறது! வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கும் வேலை. அபராதம் போடுவதே அபூர்வம் என்பதால் அதுவும் இலவசம் மாதிரிதான். எங்கள் ஊர்ப் பெண்களின் நூறு நாள் வேலைக்கு 2024-25-ல் தமிழ்நாட்டில் நாள்கூலி 319 ரூபாய். ஆக, ஏரியில் ஒருநாள் மண் வெட்டுவதைவிட ஒருநாள் உண்மையை மறைப்பது மலிவு. ஒரு வித்தியாசம் உண்டு. ஏரியில் நின்ற அந்த அம்மாக்களை மட்டும், வேலை செய்யாமல் ஏமாற்றிவிடுவார்கள் என்று, 2023 ஜனவரி 1 முதல் காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை செல்போன் ஆப்பில் இடம், நேரம் எல்லாம் பதிகிற மாதிரி நிற்கவைத்து போட்டோ எடுத்தார்கள். நெட்வொர்க் கிடைக்காமல் போட்டோ ஏறவில்லை என்றால் அன்றைய கூலி போச்சு. செந்துறையில் மூன்று மணிக்கு ஜீப்பில் வந்து இறங்குகிறவருக்கு அந்த ஆப் ஏன் இல்லை என்று அடுத்த கிராம சபையில் கேட்கலாம் என்றிருக்கிறேன். அதற்குக் கோரம் சேர்க்கத்தான் ஆள் தேடிக்கொண்டிருக்கிறேன். எல்லோரும் தாலுகா ஆபீஸ் போயிருக்கிறார்களாம்.